கணினியில் எழுதிய தமிழ் எவர் உடைமை?



பனையேறுவார் சொற்களையும் தறிநெய்வார் சொற்களையும் ஊரூராய் நடந்து தொகுத்தார் தமிழாசிரியர் ஒருவர். தளைநார், பாளைக்கத்தி, கலயம், காரோலை எனப் பனங்காட்டுச் சொற்கள் ஒருபுறம். பாவு, ஊடை, விழுது, படைமரம் எனத் தறிக்குழிச் சொற்கள் மறுபுறம். எந்த அகரமுதலியிலும் ஏறாத சொற்களும் அவற்றுள் பல. 1997-ஆம் ஆண்டில் கணினி ஒன்றை வாங்கி, விலைகொடுத்துப் பெற்ற ஒரு தமிழ் மென்பொருளில் அவற்றையெல்லாம் ஏற்றி வைத்தார். சில ஆண்டுகளில் அம்மென்பொருளை விற்றவர்கள் கடையை மூடினர். கணினியும் பழுதுற்றது. புதிய கணினியில் பழைய கோப்பைத் திறந்தார்; ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளுமே திரையில் நிறைந்து நின்றன.

ஏன் இந்நிலை வந்தது? கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். 'அ' என்பதற்கு இன்ன எண் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலும். அந்நாளில் தமிழ் மென்பொருள் செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒவ்வோர் எண்முறை வைத்துக்கொண்டனர். எனவே எழுதியவரிடம் கோப்பு இருந்தது. அதைத் திறக்கும் திறவுகோலோ விற்றவரிடம் இருந்தது. அவர் போனபின் திறவுகோலும் போயிற்று.

இவ்விழப்புக்குப் பிறகு அவ்வாசிரியர் எந்தக் கணினிக் கருவியைத் தொட்டாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "இக்கருவி நாளை மறைந்துவிட்டால், இதில் எழுதிய தமிழ் என்னிடம் இருக்குமா?" அழகும் விரைவும் அவருக்கு அடுத்தவையே. அவர் கண்ட முடிவுகள் தமிழெழுதும் ஒவ்வொருவர்க்கும் பயன்படத்தக்கன.

முதலாவது, விசைப்பலகை. 1999-ஆம் ஆண்டு (தி.பி. 2030) பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'தந்தை' என்று எழுத த, ந, த, ஐ என நான்கே தட்டுகள். நடுவிலுள்ள புள்ளியை மென்பொருளே இட்டுக்கொள்கிறது. அதே சொல்லை ஆங்கில ஒலிப்புவழி எழுதுவோர்க்கு எட்டுத் தட்டுகள் வேண்டும். தட்டுகளின் எண்ணிக்கைகூடப் பெரிதன்று. ஆங்கில எழுத்தை நினைத்துத் தமிழைத் தட்டுகிறவன், தன் தந்தையையும் அயலெழுத்தின் வழியாகவே நினைக்கப் பழகுகிறான் என்பதே ஆசிரியரின் வருத்தம். பத்து நாள் பழகினால் தமிழ்99 கைக்கு வந்துவிடும் என்பது அவர் பட்டறிவு.

அப்பலகையைக் கணினியில் அமர்த்தும் கருவிகள் பல. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு இத்துறையின் மூத்த முயற்சிகளுள் ஒன்று. தன்னார்வத் தமிழர் ஆக்கி விலையின்றி வழங்கிய எ-கலப்பை, பெயரிலும் உழைப்பிலும் தமிழ்மணம் உடையது. சென்னைப் பதிப்பு நிறுவனம் ஒன்று வழங்கிய என்.எச்.எம். எழுதியும் பல்லாயிரவர்க்குக் கைகொடுத்தது. இவற்றுள் எது சிறந்தது என்று ஆசிரியர் பூசலிடவில்லை. இவை எல்லாவற்றிலும் ஒருங்குறியில் எழுத முடிந்தது. அதனால் ஒன்றில் எழுதியது மற்றொன்றிலும் திறந்தது. அதுவே போதும் என்றார்.

ஒருங்குறியிலும் குறை உண்டு. 1991-இல் அதில் தமிழுக்கென 128 இடங்களே ஒதுக்கப்பட்டன. உயிர்மெய்களில் பெரும்பாலானவை இரண்டு குறிகளைக் கூட்டியே அமைகின்றன. வரிசையோ தேவநாகரியை ஒட்டியது. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டன. ஆசிரியர் தம் சொற்பட்டியலை அகரவரிசைப்படுத்தியபோது 'மனம்' என்பது 'மயிலு'க்கும் 'மரத்து'க்கும் முன்னே வந்து நின்றது! தமிழ் வரிசை அறிந்த கருவியில், மொழி தமிழ் எனக் குறித்துக் கட்டளையிட்ட பின்னரே அது 'மற'த்துக்குப் பின் தன் இடத்தில் அமர்ந்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் பதினாறு நுண்மி அனைத்தெழுத்து முறையையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆயினும் உலகெங்கும் ஓடுவது ஒருங்குறியே. குறையுள்ள பொதுவழி, குறையற்ற தனிச்சிறையினும் மேல் என்பது அவர் தீர்ப்பு.

இரண்டாவது, சொற்செயலி. 2010-இல் தோன்றிய இலிப்ரே ஆபீசை அவர் தேர்ந்தார். விலை இல்லை என்பதற்காக அன்று. அதன் கோப்பு வடிவம் 2006-இலேயே பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பெற்று, எவரும் படித்தறியும்படி வெளியிடப்பட்டது. செய்தவர் மறைந்தாலும் வேறொருவர் அதைத் திறக்கும் கருவியைச் செய்ய இயலும். பட்டிகளையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். அதன் பிழைதிருத்தியை மட்டும் அவர் நம்புவதில்லை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது போன்ற சரியான சொல்லுக்கும் அது செங்கோடு இடுகிறது. வேர்ச்சொல்லோடு உருபுகள் அடுக்கடுக்காய் ஒட்டும் தமிழைச் சொற்பட்டியலால் மட்டும் அளக்க முடியாது. இலக்கணமறிந்தார் கணினியாளரோடு அமர்ந்து செய்ய வேண்டிய பணி அது.

மூன்றாவது, அச்சு நூலின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி. 2005-இல் மூலநிரல் திறந்துவிடப்பட்ட தெசரக்டு தமிழையும் படிக்கிறது. தெளிவான புது அச்சை நன்கு படிப்பதையும், 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, னா, றா வடிவங்களில் இடறுவதையும் ஆசிரியர் கண்டார். மெய்ப்புத் திருத்தாமல் அதனை நம்பலாகாது.

பழைய கோப்பு என்ன ஆயிற்று? நல்ல வேளையாக, பனைச்சொற்களில் முப்பது பக்கங்களை அந்நாளிலேயே அச்செடுத்து வைத்திருந்தார். அப்பக்கங்களையும் திரையின் கிறுக்கலையும் எழுத்தெழுத்தாய் ஒப்புநோக்கி, எந்தக் குறி எந்த எழுத்து என்று பட்டியல் கண்டார். அவர் மாணவர் ஒருவர் அதைக்கொண்டு சிறு மாற்றி ஒன்று எழுதினார். அச்சிடாதிருந்த பக்கங்களும் தமிழாய் மீண்டன. நெசவுச் சொற்கள் இருந்த நெகிழ்வட்டு மட்டும் பூசணம் பிடித்துப் படிக்க இயலாமற் போயிற்று. அச்சொற்களைச் சொன்ன முதியோர் இருவரும் அதற்குள் மறைந்துவிட்டனர். எந்த மென்பொருளும் அவற்றை இனி மீட்டுத் தராது.

தோழர்களே! ஓலைச்சுவடியைக் கறையான் தின்றது என்று வருந்துகிறோம். கண்முன்னே கணினியில் அழியும் தமிழுக்கு யார் வருந்துவது? மொழியுரிமை மேடையில் மட்டும் இல்லை, மேசைமேலும் இருக்கிறது. இன்றே வீட்டிலுள்ள பழைய வட்டுகளை எடுத்துப் பாருங்கள். தனிக்குறியில் கிடப்பதை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். திறந்த வடிவில் சேமியுங்கள். ஒரு படியைத் தாளிலும், மற்றொரு படியை வேறொருவர் வீட்டிலும் வையுங்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்99 பழக்குங்கள். தமிழறிந்த இளைஞர் நல்ல பிழைதிருத்தி செய்ய முன்வருக!

எழுதியவனே தன் எழுத்தைத் திறக்க இயலாத நிலை இனி எந்தத் தமிழனுக்கும் வரலாகாது.

வெல்க தமிழ்!