எடை குறைப்பு அறுவை சிகிச்சை: மாத்திரையை நிறுத்தியவர்கள் கவனத்துக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் 'சி' பிளாக்கில் வசிக்கும் உணவியல் நிபுணர் பேசியது)

தண்ணீர்த் தொட்டி விவாதம் முடிந்த கையோடு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

எடை குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வெளியில் சொல்லத் தயங்குவார்கள். அதனால், யாரும் கேட்காமலே சொல்கிறேன்.

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். 'பைபாஸ்' முறையில் சின்னப் பை ஒன்றை மட்டும் வைத்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைத்துவிடுவார்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்தப் பகுதியில்தான். பலருக்கு இது நல்ல சிகிச்சை. சர்க்கரையும் பிரஷரும் குறைகின்றன. ஆனால், சத்து மாத்திரை ஆயுளுக்கும் உண்டு.

முதல் வருடம் எல்லோரும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். பிறகு, "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். உடம்பும் உடனே காட்டிக்கொடுக்காது. வைட்டமின் பி-12 கல்லீரலில் சில வருடங்களுக்குச் சேமிப்பில் இருக்கும். அது தீரும்போதுதான் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதி வரும். சர்க்கரை உள்ளவர் அதைச் 'சுகர் நரம்பு' என்பார். மற்றவர் 'வயசாகிவிட்டது' என்பார். நாள் கடந்தால் நரம்புப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமல் போகலாம். சுத்த சைவக்காரர்களுக்கும் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் இந்த அபாயம் இன்னும் அதிகம்.

அடுத்தது அவசரமான விஷயம். அறுவை சிகிச்சை செய்தவருக்கு வாந்தி நிற்காமல் போனால், தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். வாந்தியில் பி-1, அதாவது தயமின், வேகமாகத் தீர்ந்துபோகும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, தள்ளாட்டமோ குழப்பமோ இருந்தாலோ உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். டியூட்டி டாக்டரிடம் அறுவை சிகிச்சையைப் பற்றி முதலில் சொல்லி, தயமின் கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். கூடப் போகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டில், ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம்தான், முட்டையில் 6. எனவே முட்டை, மீன், பனீர், சுண்டலை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடமிருந்தால் சாதம். (கல்யாண வீட்டில் "இவ்வளவுதானா?" என்று இலையில் மேலும் பரிமாறுகிறவர்களே, கொஞ்சம் விட்டுவிடுங்கள்!) இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். காபி, டீயோடு இரும்பு மாத்திரை வேண்டவே வேண்டாம்.

குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் பொறுத்து, டாக்டரைக் கேட்டுவிட்டுத் திட்டமிடுங்கள்.

வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி-12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன். வழக்கமான 'மாஸ்டர் செக்கப்'பில் இவை எல்லாம் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள உதவி வேண்டுமானால் என் வீட்டுக்கே வரலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன்.