நெஞ்செலும்பு கூடும் வரை
(கிள்ளானில் நடைபெற்ற தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பள விஷயம் பேசுவோம் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்கு மற்றவர்கள் இருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது, இருதய ஆப்பரேஷன் முடிந்து லயத்துக்குத் திரும்பும் தொழிலாளியின் கதியைப் பற்றியதாகும்.

நமது தோட்டத்தில் பால் வெட்டும் தோழர் ஒருவருக்குக் கோலாலம்பூரில் பைபாஸ் ஆப்பரேஷன் நடந்தது. வீடு வந்ததும் சொந்தபந்தங்கள் அவரைப் பாயை விட்டு எழவிடவில்லை. நடந்தால் தையல் பிரிந்துவிடுமாம். 60 நாள் விடுப்பு தீர்ந்தது. மறுநாளே பெரட்டுக்குப் போனார், காண்டா கம்பைத் தோளில் வைத்தார். ஒரு வாரத்தில் நெஞ்சுக்குள் ‘கடக்’கென்று சத்தம், மறுபடியும் ஆஸ்பத்திரி. செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாமும் அவர் பெயரைப் பதிந்தோமே தவிர, என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேட்கவில்லை. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டே பேசுகிறோம்.

படுக்க வைத்தது முதல் பிழை. முன்னாளில் டாக்டர்களே மாரடைப்பு கண்டவரை வாரக்கணக்கில் அசையாமல் கிடத்தினார்கள். 1952-இல் அமெரிக்காவில் லெவின், லௌன் என்ற இரு டாக்டர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டிய பிறகே அந்த வழக்கம் தளர்ந்தது.

பைபாஸில் நெஞ்செலும்பை நடுவே அறுத்துத் திறக்கிறார்கள். வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். அது ஒட்ட 6 முதல் 8 வாரம். முழுப் பலம் வரச் சுமார் 12 வாரம். ஆகவே கால் நடக்கலாம், கை தூக்கக்கூடாது.

முதலில் 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை நடக்கட்டும். மெல்லக் கூட்டி, ஒன்றரை மாதத்தில் அரைமணி நேரம். நடக்கும்போது பேச முடியவேண்டும். பேச்சு நின்றால் வேகம் அதிகம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே உட்காரவேண்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். 5 கிலோவுக்கு மேல் தூக்குவது ஆகாது. அரிசி மூட்டையும் தண்ணீர் வாளியும் மட்டுமல்ல, பேரப்பிள்ளையும் அந்தக் கணக்கில் அடக்கம்! காய்ச்சல், தையலில் சீழ், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏற்றம் ஆகியவை கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சிலருக்குக் காரணமின்றி அழுகை வரும். ஆண்பிள்ளை அழலாமா என்று ஏளனம் செய்யாதீர்கள். ஆப்பரேஷனுக்குப் பின் பலருக்கும் நேர்வதுதான். நீடித்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

1989-இல் அன்றைய பிரதமர் மகாதீர் கோலாலம்பூர்ப் பொது மருத்துவமனையில் பைபாஸ் செய்துகொண்டு, 2003 வரை பதவியில் இருந்தார். 2007-இல், 82 வயதில், தேசிய இருதய நிலையத்தில் இரண்டாவது பைபாஸ். 2018-இல் மறுபடியும் பிரதமர். ஆகவே ஆப்பரேஷனோடு ஆயுள் முடிந்தது என்று ஒப்பாரி வைக்கவேண்டாம். ஆனால் பிரதமர் திரும்பியது மேசைக்கு. நமது தோழர் திரும்பியதோ, இரண்டு வாளியுமாக முப்பது நாற்பது கிலோ சுமக்கும் வெட்டுக்காட்டுக்கு!

இனி சட்டம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரி விடுப்பு ஆண்டுக்கு 60 நாள். முன்பு சாதாரண மருத்துவ விடுப்பும் அதற்குள்ளேயே கழியும். 2023 ஜனவரி முதல் அது வேறு, இது வேறு. சாதாரண விடுப்பு, 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள். 5 ஆண்டுக்குக் குறைந்தால் 18. அதற்கு மேல் 22. பழைய தொழிலாளிக்கு மொத்தம் 82 நாள் வருகிறது. எலும்புக்கு வேண்டிய 12 வாரம் 84 நாள். ஏறக்குறைய சரியாகிவிடுகிறது; தடுமனுக்கும் தலைவலிக்கும் அந்த 22-ஐ முன்பே தீர்க்காமல் இருந்தால்! புதிதாகச் சேர்ந்தவருக்கோ 74 நாள்தான்.

விடுகிற நாட்களுக்குத்தான் சங்கம் வேண்டும். டாக்டர் எம்.சி. தரும்போதே, எத்தனை கிலோ, எது வரை தூக்கக்கூடாது என்று சீட்டில் எழுதித்தரக் கேளுங்கள். வாய்ச்சொல் பெரட்டுக்களத்தில் செல்லாது. சீட்டோடு கிளைச் செயலாளரிடம் வாருங்கள். லைட் டூட்டி கேட்டு நிர்வாகத்துக்கு நாம் எழுதுவோம். சொக்சோவிலும் 2007 முதல் வேலைக்குத் திரும்புவோருக்கான திட்டம் உண்டு. சந்தா கட்டியவர்கள் விசாரியுங்கள்.

அந்தத் தோழர் இப்போது காலையில் லயத்திலிருந்து கோயில் வரை நடந்துவிட்டு, ஸ்டோரில் பால் நிறுக்கும் இடத்தில் இருக்கிறார். அதற்கு மூன்று கடிதம் எழுதவேண்டியதாயிற்று.