எஞ்சியிருப்பதே மூலதனம்

"வயதாகிவிட்டது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை; இனி என்ன செய்ய முடியும்?" என்று நம்மில் பலர் சலித்துக்கொள்கிறோம். நம் மதுரையில் வாழ்ந்த டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

உழவர் குடும்பத்தில் 1918-ல் பிறந்த அவர், மகப்பேறு மருத்துவராகவே விரும்பினார். முடக்குவாதம் வந்து விரல்களைக் கோணலாக்கியது. அந்த ஆசை கைகூடவில்லை. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. அதே கோணல் விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, கண் மருத்துவரானார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் கட்டணம் செலுத்தினர். ஏழைகள் இலவசமாகப் பார்வை பெற்றனர். 2006-ல் அவர் மறைந்தார். அதற்குள் தம் கையாலேயே செய்த அறுவைச் சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

அருமையானவர்களே, போனதை எண்ணி அழுதுகொண்டிருந்தால் இருப்பதும் வீணாகும். நன்றி என்பது வாய்ச்சொல் மட்டுமன்று. எஞ்சியிருப்பதைப் பிறருக்குப் பயன்படுத்துவதே உண்மையான நன்றி. நம்மிடம் மாலையில் அரை மணி நேரமாவது மிச்சமிருக்குமே! அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர அது போதும். அங்கிருந்து தொடங்குவோம்.