பொடக்காலிக்கு வரும் விருந்தாளி

கோயமுத்தூர்ப் பக்கம் இப்போ பல வீட்டுப் பொடக்காலியில் உரக்குழி இருக்கு. நல்ல காரியம்தான். ஆனா ராத்திரியில ஒரு விருந்தாளியும் வந்துடுது: பெருச்சாளி! தெலுங்கில் இதுக்குப் பந்திகொக்கு, அதாவது பன்றி எலின்னு பேரு. வெள்ளைக்காரர் வாயில் அதுதான் பேண்டிகூட் ஆச்சு.

அதை இழுக்கிறது மிச்சச் சோறும் கறி, மீன் கழிவும்தான். அதையெல்லாம் குழியில் போடாதீங்க. காய்கறித் தோல் போட்டாலும், மேலே ஒரு கூடை சருகோ தென்னைநார்க் கழிவோ கொட்டி மூடிடுங்க. காய்ஞ்சு கிடக்கிற குப்பை எலிக்கு மெத்தை. தண்ணி தெளிச்சு, வாரம் ஒருதரம் கிளறிவிட்டா அங்கே குட்டி போடாது.

சுத்திலும் செங்கல் வெச்சுட்டா போதுமா? பெருச்சாளி அடியில வளை தோண்டியல்ல வரும்! அடியில் கம்பிவலை விரிங்க. கண் கால் அங்குலத்துக்கு மேல வேண்டாம். அதைவிடப் பெருசானா சுண்டெலி நுழைஞ்சுடும். பிளாஸ்டிக் வலையா? கடிச்சுத் துப்பிடும்.

எலி வந்தா பின்னாலேயே பாம்பும் வரும். அதுக்காக விஷம் வெக்காதீங்க. அந்த எலியைத் தின்கிற ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகும். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும். உரத்தை அள்ளும்போது கையுறை போட்டுக்கங்க, மறந்துடாதீங்க.