பழைய கமராவும் பழகிய கையும்

மலைநாட்டு மக்களுக்குப் புகைப்படம் வெறும் சுவரலங்காரமாக இருந்ததில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின்னர், கடவுச்சீட்டுக்கெனப் படமெடுக்க லயத்துக் குடும்பங்கள் கமராவின் முன் வந்து நின்றன. இந்தியாவுக்குப் போனவர்களின் நினைவாகப் பல வீடுகளில் எஞ்சியது ஒரேயொரு படந்தான். தோட்டப் பாடசாலை ஆசிரியராயிருந்த என் தந்தையார், தமது யாஷிகா-மேட் கமராவினால் அத்தகைய படங்கள் பலவற்றை எடுத்தார்.

சென்ற ஆண்டு அக்கமராவை வெளியே எடுத்தேன். ஷட்டர் திறக்கவில்லை, வில்லையில் பூஞ்சணம் சிலந்தி வலைபோற் படர்ந்திருந்தது. நகரத்துக் கடையொன்றில், "கம்பனியே இல்லை ஐயா; அலுமாரியில் வையுங்கள்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

அவர்கள் சொன்னதிற் பாதி உண்மையே. யாஷிகா நிறுவனம் 1983இல் கியோசெராவுடன் இணைந்தது. கியோசெராவோ 2005இல் கமராத் தொழிலைக் கைவிடுவதாக அறிவித்தது. கெனன் நிறுவனமும் தனது கடைசிப் படச்சுருட் கமராவான இஓஎஸ்-1வியின் விற்பனையை 2018இல் முடித்து, அதன் பழுதுபார்ப்புக்கு 2025 ஒக்டோபர் 31ஐ எல்லையாக வகுத்தது.

மறுபாதியை எனக்குக் கற்பித்தவர் ஹட்டனில் வாழும் முதியவர் ஒருவர். அவர் கமராவைத் திறந்து காட்டினார். எதுவும் உடைந்திருக்கவில்லை. ஷட்டரின் மெல்லிய தகடுகளில் பழைய எண்ணெய் பசைபோல் இறுகியிருந்தது, அவ்வளவுதான். தகடுகளைத் துடைத்து, வில்லையை மதுசாரத்தால் சுத்தஞ் செய்தார். தேய்ந்த திருகாணி ஒன்றுக்குப் பதிலாக, இறந்துபோன வேறொரு கமராவிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பூட்டினார். கமரா மீண்டும் இயங்கிற்று.

வில்லாலும் பற்சக்கரத்தாலும் இயங்கும் கமராவைக் கைத்திறனால் மீட்கலாம்; மின்னணுச் சுற்றுக் கருகிய கமராவை மீட்பது அரிது. ஒளிமானியுள்ள பழைய கமராக்கள் பலவற்றுக்கு 1.35 வோல்ற்று பாதரச மின்கலம் வேண்டும். அது கடைகளிலிருந்து மறைந்துவிட்டமையால், காதுக் கருவிக்குரிய துத்தநாகக்காற்று மின்கலத்தைப் பலர் பயன்படுத்துகின்றனர்.

பனிமூட்டமுள்ள நம் ஊர்களில் கமராவைத் தோலுறையில் பூட்டி வைத்தல் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதமொருமுறை ஷட்டரை இயக்குங்கள். தையல் இயந்திர எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூஞ்சணம் வில்லையின் பூச்சை அரித்துவிட்டால் திருத்துவது மிகக் கடினம்.

விடைபெறுகையில் அம்முதியவர், "இனி எனக்குச் சின்னத் திருகாணி தெரிவதில்லை, ஐயா" என்றார். உற்பத்தியாளர் ஒதுங்கியபின்பும் கமரா பிழைத்தது அவருடைய கையால் அல்லவா? அந்தக் கையும் ஓய்ந்துவிட்டால் யாரிடம் போவோம்? ஆகவே உயர்தர வகுப்பு மாணவர் இருவரைச் சனிக்கிழமைதோறும் அவரிடம் அனுப்பி வருகிறேன். உங்கள் ஊரிலும் அத்தகைய ஒருவர் இருப்பார். அவரிடம் பழுதான கமராவுடன், கற்க விரும்பும் ஒரு பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள்.