வெட்கம் விற்ற வாணிபம்

(வத்தளையில் ஆற்றிய உரை)



பள்ளிச் சிறுமி மேலுதட்டைக் கையால் மறைத்துப் பேசுகிறாளே, அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் யார்? சிரிக்காதீர்கள், வழக்கின் வரலாற்றைக் கேளுங்கள்.

அமெரிக்கரான கிங் ஜில்லெட் 1904ஆம் ஆண்டு தம் சவரக் கத்திக்குக் காப்புரிமை பெற்றார். ஆடவர் தாடியோடு அவர் நிறுவனத்தின் ஆசை அடங்கவில்லை. கையில்லாச் சட்டை நாகரிகமாகி வந்த 1915இல் பெண்களுக்கெனத் தனிக் கத்தி செய்து, அக்குள் உரோமம் வெட்கத்துக்குரிய குறையென்று விளம்பரமும் செய்தது. இரண்டாம் உலகப் போரில் நைலான் காலுறைக்குத் தட்டுப்பாடு வரவே, கால்களும் அவ்வழக்கிற் சேர்க்கப்பட்டன. குற்றஞ்சாட்டியவனே தண்டப்பணத்தையும் வாங்கிக்கொள்ளும் மன்றத்தை நாம் சட்டப் புத்தகத்தில் கண்டதில்லை. வெள்ளவத்தைக் கடைவீதியில் காண்கிறோம். மழிக்க விரும்புவோர் மழிக்கட்டும், அது அவரவர் உரிமை. அச்சத்தால் மழிப்பது உரிமையாகாது.

நம் பாட்டிமாரும் உரோமம் குறையவே மஞ்சள் பூசினர் என்பீர்கள். மெய்தான், மறைக்கமாட்டோம். ஆயினும் அது கறிக்கும் காயத்துக்கும் கோயிலுக்கும் பயன்பட்ட கிழங்கு. அதை விற்பதற்காக எவரும் விளம்பரம் எழுதி நம் பெண்களை நாணவைக்கவில்லை. 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டு விலை ஏறியபோதுதான், அக்கிழங்கும் நம் வளவுகளில் இல்லாமற் போயிருந்ததைக் கண்டோம்.