பொறுப்புக்கு ஒரு முகவரி
(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்தின் பீடத்தில் அமரும் பெருந்தகை எவராயினும், அவர் இலட்சுமிசேன பட்டாரகர் என்றே அழைக்கப்பெறுகிறார். சிரவணபெளகொளத்தில் சாருகீர்த்தி என்பது அவ்வாறே வழிவழியாக வரும் பெயர். பெயர் பீடத்துக்கு உரியது, அமர்பவர் மாறலாம். மடத்துக்குக் கடிதம் எழுதும் குடும்பம் தலைமுறைக்கு ஒரு பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. இத்தகைய வழக்கத்தை நெடுங்காலமாக அறிந்த சமூகத்தின் அறக்கட்டளைகள் சிலவற்றில், நன்கொடை ரசீதின் அடியில் இன்று அச்சாகியிருப்பது செயலாளருடைய மகன் கல்லூரி நாளில் தொடங்கிய ஜிமெயில் முகவரி.

அதில் குறை காண்பதற்கில்லை. தொண்டு செய்பவர்கள் அலுவல் முடிந்து வீடு திரும்பிய பின்னரே அறக்கட்டளைப் பணியைப் பார்க்கிறார்கள். கையில் இருந்த முகவரியைக் கொடுத்தார்கள், வேலை நடந்தது. ஆனால் அந்தச் செயலாளர் திடீரெனக் காலமாகிவிட்டால் நிலைமை வேறு. ஆலயத் திருப்பணிக்கு ஸ்தபதி கொடுத்த மதிப்பீடு, வெளிநாட்டு அன்பர்களின் நன்கொடைக் கடிதங்கள், தணிக்கையாளர் அனுப்பிய கணக்குகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. துக்கம் விசாரிக்கச் சென்றவர்களுக்கு அவருடைய துணைவியாரிடம் கடவுச்சொல் கேட்க நா எழுமா? எழுந்தாலும், அந்த அம்மையாருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. தனிநபர் கணக்கு இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அதை உள்ளடக்கத்தோடு நீக்கிவிடலாம் என்பது கூகுள் நிறுவனம் 2023இல் அறிவித்த விதி.

வருமான வரித் துறையின் செய்தி இன்னும் கடுமையானது. அறக்கட்டளைகளுக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் 2021 ஏப்ரல் முதல் காலவரைக்கு உட்பட்டவையாகிவிட்டன. உரிய நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும். துறையின் அறிவிப்புகள் இணையதளத்தில் பதிவான மின்னஞ்சலுக்கும், ஓ.டி.பி. எண் பதிவான கைப்பேசிக்கும் செல்கின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் விலகிய பொருளாளரின் முகவரி அங்கே நின்றுவிட்டால், அறிவிப்பு சட்டப்படி வந்து சேர்ந்ததாகவே கொள்ளப்படும். படித்தவர் மட்டும் எவரும் இரார். விலக்கு இழந்த அறக்கட்டளைக்கு நன்கொடை தந்தவர்களும் வரிச் சலுகையை இழப்பார்கள்.

இதற்கான தீர்வு புதிதன்று. இணையத்தின் பொறியாளர்கள் 1997 மே மாதம் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 2142 என்னும் ஆவணம், நிறுவனங்கள் ஆளின் பெயரால் அன்றிப் பொறுப்பின் பெயரால் வைத்திருக்க வேண்டிய முகவரிகளை வரிசைப்படுத்தியது. போஸ்ட்மாஸ்டர், வெப்மாஸ்டர் போன்றவை அவற்றுள் அடங்கும். போஸ்ட்மாஸ்டர் என்னும் முகவரி அதற்கும் முந்தியது. அறக்கட்டளைக்குச் செக்ரட்டரி, டிரெஷரர், ஸ்காலர்ஷிப் என்று மூன்று நான்கு முகவரிகள் போதும். ஆளுக்கொன்றாகப் பெருக்கினால் அவற்றைத் திறந்து பார்க்கவே தனியாக ஒருவர் வேண்டியிருக்கும்.

இங்கே பலர் ஒரு குழப்பத்துக்கு ஆளாகிறார்கள். செயலாளர் முகவரிக்கு வரும் கடிதத்தின் படியை ஐந்து பேருடைய சொந்தப் பெட்டிகளுக்கு அனுப்பும்படி அமைத்துவிட்டு, பொதுப் பெட்டி வைத்துவிட்டதாகக் கருதுகிறார்கள். அவ்வகையில் ஒருவர் எழுதும் மறுமொழி அவருடைய சொந்தப் பெட்டியிலேயே தங்கிவிடும். மற்ற நால்வர் அதை அறியார். அவர் விலகும்போது கடிதப் போக்குவரத்தின் பாதியும் அவரோடு போய்விடும். வந்ததும் சென்றதும் ஒரே இடத்தில் இருந்து, அனுமதி பெற்றவர் அனைவரும் காண்பதே பொதுப் பெட்டி.

அதற்காக ஒரே கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் ஐவருக்கு அனுப்புவது பூட்டைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். யார் எதை அழித்தார் என்பதும் தெரியாது. கட்டணமில்லா ஜிமெயிலிலேயே, கடவுச்சொல்லைத் தராமல் பத்துப் பேர் வரை பெட்டியைக் கையாள அனுமதிக்கும் வசதி உண்டு. ஒருவர் விலகினால் அவருடைய அனுமதியை மட்டும் நீக்கலாம். கூகுள் குழுவில் கடிதத்தை இன்னாருக்கு என்று ஒதுக்கவும், முடிந்தது என்று குறிக்கவும் இடமுண்டு. மைக்ரோசாஃப்ட் சேவையில் பகிர்வுப் பெட்டிக்குத் தனி உரிமம் இன்றி 50 ஜிபி வரை இடம் தரப்படுகிறது. எதைத் தேர்ந்தாலும், குழுவில் ஏற்கெனவே பழகியவர் ஒருவர் இருக்கும் சேவையே நல்லது.

கருவி அமைந்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கொள்ளுதல் ஆகாது. கல்வி உதவி வேண்டி ஒரு மாணவி விண்ணப்பிக்கிறாள். கட்டணம் செலுத்தக் கடைசி நாள் பத்து நாளில் வருகிறது. கடிதத்தை ஐவரும் படித்தார்கள். தலைவர் பார்த்துக்கொள்வார் என்று செயலாளர் நினைத்தார். பொருளாளர் எழுதியிருப்பார் என்று தலைவர் நினைத்தார். படித்த கடிதம் ஆதலால் பெட்டியில் அது புதியதாகவும் தோன்றவில்லை. ஐவரும் நல்லவர்களே, ஆயினும் அந்தப் பெண்ணுக்கு விடை போகவில்லை. தனி ஒருவரின் பெட்டியாக இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று பழைய முறையை விரும்புவோர் சொல்வதில் உண்மை உண்டு.

ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒருவர் முறை வைத்துப் பெட்டியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அவரே விடை எழுத வேண்டும் என்பதில்லை. கடிதம் கிடைத்தது என்று இரண்டு நாளில் ஒரு வரி எழுதி, உரியவர் பெயருக்கு ஒதுக்கி, வார இறுதியில் ஒதுக்காமல் நிற்பது எதுவும் இல்லை என்று உறுதி செய்தால் போதும். மறுமொழி பொறுப்பின் முகவரியிலிருந்து செல்லட்டும். அடியில் எழுதியவரின் பெயர் இருக்கட்டும். பெயரற்ற விடையை ஊரார் நம்புவதில்லை. கணினி பழகாத மூத்த அறங்காவலருக்கு முக்கியமான கடிதங்களை அச்செடுத்துக் கோப்பில் வைப்பதில் இழிவொன்றும் இல்லை. அவருடைய நினைவில் உள்ள செய்திகள் எந்தப் பெட்டியிலும் இல்லை.

திருமணத் தகவல் மையத்துக்கு வரும் ஜாதகங்களும், கல்வி உதவிக்கு வரும் ஆதார் நகல்களும் வருமானச் சான்றுகளும் பொதுவான பெட்டியில் கிடக்கலாகாது. ஒரு குடும்பத்தின் வறுமையை ஐந்து உறவினர்கள் படிக்க வேண்டிய அவசியம் என்ன? சிறிய சமூகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. அதனாலேயே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். இவற்றுக்குத் தனிப் பெட்டியும் இருவருக்கு மட்டும் அனுமதியும் தகும். தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது.

முகவரியில் அறக்கட்டளையின் பெயரே வர வேண்டுமாயின் இணையப் பெயர் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அதை ஆர்வமுள்ள இளைஞர் தம் சொந்தக் கணக்கில், தம் சொந்த அட்டையில் வாங்கிவிட்டால் பழைய சிக்கலே வேறு உருவில் திரும்பும். பதிவு அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் நாள் பொருளாளரின் பேரேட்டில் எழுதப்பட வேண்டும்.

பொதுக்குழுவில் புதிய நிருவாகிகள் பொறுப்பேற்கும்போது முத்திரை, ரசீதுப் புத்தகம், வங்கிக் கையொப்பம் ஆகியவை கைமாறுவது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகிறது. அதே பக்கத்தில் மின்னஞ்சல் பெட்டியும் இடம்பெறலாம். பழையவர்களின் அனுமதி நீக்கப்பட்டதா, மீட்பு எண்ணாக எவருடைய கைப்பேசி உள்ளது, வருமான வரித் தளத்தில் முகவரி மாற்றப்பட்டதா என்பவற்றை அன்றே எழுதி இருவர் கையொப்பமிடலாம். புதிய பொருளாளர் தம் கைப்பேசியில் பெட்டியைத் திறந்து, புதிய தலைவருக்கு ஒரு வரி அனுப்பி, அது வந்து சேர்ந்ததைக் கண்ட பிறகு நன்றியுரைக்குச் செல்லலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.